காட்டுக் குடுவையைப் பிடுங்க வேண்டாம். கொடியை நறுக்கி வீட்டிலேயே பெருக்கலாம்

பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி என்ற பெயரோடு குடுவைச் செடி மலர்க் கண்காட்சிகளிலும் நகரத்து நாற்றுப் பண்ணைகளிலும் வைக்கப்பட்டு வருகிறது. இலையின் நுனியில் சிறு சொம்பு போலத் தொங்கும் குடுவையையும், அதன் மேல் கவிந்திருக்கும் மூடியையும் கண்டவர்கள் வியந்து நிற்கிறார்கள். அப்படி நிற்பவர்களில் விவசாயிகளும் உண்டு. அவர்களில் சிலர், "இதை வயல் ஓரத்தில் நட்டால் பூச்சி மருந்துச் செலவு மிச்சமாகுமே" என்று நினைக்கிறார்கள். வேறு சிலர், "விலை நன்றாக இருக்கிறதே, ஓர் ஏக்கரில் போட்டால் என்ன?" என்று கணக்குப் போடுகிறார்கள்.

இந்த இரண்டு எண்ணமும் சரியல்ல என்பதே நம் கருத்து. குடுவைச் செடி பூச்சி மருந்தும் அல்ல. ஏக்கர் கணக்கில் போடும் பயிரும் அல்ல. ஆனால் கிணற்றடி நிழலில் பத்துத் தொட்டி வைத்துப் பொறுமையோடு பெருக்கத் தெரிந்த சிறு விவசாயிக்கு இது தகுந்த துணை வேலை. அதோடு, காட்டில் எஞ்சியிருக்கும் குடுவைச் செடிகள் பிழைக்க வேண்டுமானால், அவை வீட்டுத் தொட்டிகளில் பெருகுவது அவசியம். இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

தழைச்சத்துக்காகப் போட்ட பொறி

உளுந்தும் தட்டைப்பயறும் தமக்கு வேண்டிய தழைச்சத்தை வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலிருந்து பெறுகின்றன என்பது விவசாயிகள் அறிந்ததே. குடுவைச் செடிக்கு அந்த வசதி இல்லை. அது வாழ்வது மழையால் சத்தெல்லாம் அடித்துச் செல்லப்பட்ட மலைச் சரிவிலும், மணலிலும், பாறை இடுக்கிலும், சதுப்பிலும் ஆகும். எனவே தழைச்சத்தை அது வேறு வழியில் தேடிக் கொள்கிறது.

இலையின் நடுநரம்பு நீண்டு பற்றுக்கம்பி ஆகிறது. அதன் நுனி பருத்துக் குடுவை ஆகிறது. குடுவையின் வாயில் இனிப்பு நீர் சுரக்கும். அதை நாடி வரும் எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழுகின்றன. உட்சுவர் மெழுகு பூசியது போல் இருப்பதால் ஏற முடிவதில்லை. உள்ளே இருக்கும் நீரில் செரிமானச் சுரப்பு கலந்திருக்கிறது. விழுந்த பூச்சி கரைந்து செடிக்குச் சத்தாகிறது. ஆங்கிலேயத் தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர் முட்டையின் வெள்ளைக் கருவையும் இறைச்சித் துண்டையும் குடுவையில் இட்டுச் சோதித்து, அவை செரிக்கப்படுவதை 1874-ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் எடுத்துரைத்தார்.

நம் ஊரில் வயலில் ஆட்டுக்கிடை போடுகிறோம் அல்லவா? போர்னியோ தீவின் மலைகளில் உள்ள லோவி என்ற குடுவைச் செடி ஏறத்தாழ அதையேதான் செய்கிறது. அதன் மூடியில் சுரக்கும் இனிப்பை நக்க வரும் மர மூஞ்சூறு, குடுவையின் மேலேயே அமர்ந்து எச்சமும் போட்டுவிட்டுப் போகிறது. வளர்ந்த செடிக்கு அந்த எச்சமே முக்கியமான தழைச்சத்து என்று 2009-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர்.

ஆகவே இந்தச் செடி பூச்சி பிடிப்பது தன் வயிற்றுக்காக. நம் வயலுக்காக அல்ல. குடுவையில் விழுவதில் பெரும்பகுதி எறும்பு. புகையானும் தண்டுத் துளைப்பானும் இதைத் தேடி வந்து விழப் போவதில்லை. கொசு ஒழியும் என்பதும் வீண் நம்பிக்கை. காட்டில் சில கொசு இனங்களின் புழுக்கள் அந்தக் குடுவை நீரிலேயே வாழ்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், பூச்சி பிடிக்கும் இந்தச் செடியை மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் பிடித்துக் கொள்வதுண்டு. அவற்றை நாம்தான் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்!

நம் நாட்டுக் குடுவைச் செடி

உலகில் 150-க்கும் மேற்பட்ட குடுவைச் செடி இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பகுதிகளைச் சேர்ந்தவை. இலங்கைக்கே உரிய இனம் ஒன்று உண்டு. சிங்களத்தில் அதற்கு 'பந்துரா' என்று பெயர். இந்தியாவில் இயற்கையாக வளர்வது ஒரே ஓர் இனம்தான். அது மேகாலய மாநிலத்தின் காசி, ஜைந்தியா, காரோ மலைகளில் வளரும் காசியானா இனம். காரோ மக்கள் அதை 'மெமாங் கோக்சி' என்கிறார்கள். பேயின் கூடை என்று பொருள். தமிழ்நாட்டுக் காடுகளில் குடுவைச் செடி இயற்கையாக இல்லை. நம் வயல் குட்டைகளிலும் ஈர மணலிலும் காணப்படும் பூச்சியுண்ணிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடிகளாகும்.

மேகாலயத்துக் குடுவைச் செடிக்கு இன்று பல முனைகளிலிருந்தும் ஆபத்து. நிலக்கரிச் சுரங்கம், சாலை, எரித்துச் சாகுபடி செய்யும் நிலத்துக்கு ஓய்வு காலம் குறைந்து போனது ஆகியவை ஒரு பக்கம். அழகுக்காகவும் மருந்துக்காகவும் வேரோடு பிடுங்கி விற்பது மறுபக்கம். பிடுங்கிய செடி பெரும்பாலும் வழியிலேயே வாடி விடுகிறது. அதன் வேர் மெல்லியது, எளிதில் ஒடிவது. இடம் மாற்றினால் தாங்காது. ஆக, ஒருவர் வீட்டில் ஒரு செடி நிற்பதற்குக் காட்டில் பல செடிகள் அழிகின்றன.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்த திருத்தத்தின்படி காசியானா பாதுகாக்கப்பட்ட தாவரமாயிற்று. அதைக் காட்டிலிருந்து பறிப்பதும், உரிமம் இன்றி வளர்ப்பதும் விற்பதும் குற்றமாகும். பன்னாட்டு வாணிபத்திலும் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலில் அது சேர்க்கப்பட்டுள்ளது. காரோ மலையில் பாக்மாரா ஊருக்கு அருகே இந்தச் செடிக்கென்றே ஒரு சரணாலயமும் உண்டு. ஆனால் அது சில ஏக்கர் பரப்பே கொண்டது.

சட்டம் மட்டும் போதாது

சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தடை ஒன்றினாலேயே செடி காப்பாற்றப்பட்டு விடாது. மேகாலயத்தில் காடுகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானவை அல்ல; குலங்களுக்கும் கிராமங்களுக்கும் சொந்தமானவை. அங்குள்ள சிறு விவசாயி நினைத்தால்தான் செடி நிற்கும். அவருக்கோ இந்தச் செடியால் நேர்மையான வருமானம் எதுவும் இல்லை. தரகர் தரும் சொற்பக் காசுக்குப் பிடுங்கிக் கொடுத்தால் குற்றவாளி ஆகிறார். தொட்டியில் பெருக்கி விற்கலாம் என்றால் உரிமம் வாங்க வேண்டும்; அலுவலகம் மலைக்குக் கீழே எங்கோ இருக்கிறது.

ஐரோப்பாவின் கதை இதற்கு நல்ல பாடம். 1840-களில் தாமஸ் லாப் போன்றவர்கள் போர்னியோ முதலிய இடங்களிலிருந்து குடுவைச் செடிகளைத் திரட்டி, இங்கிலாந்தின் வெய்ட்ச் நாற்றுப் பண்ணைக்கு அனுப்பினார்கள். செல்வந்தர்கள் கண்ணாடி வீடு கட்டி வளர்த்தார்கள். 1860-களில் அந்தப் பண்ணையிலேயே இரண்டு இனங்களை மகரந்தம் மாற்றிச் சேர்த்துக் கலப்பினத்தை உண்டாக்கினார்கள். காட்டுக்குப் போகாமலே புதுச் செடி கிடைக்கும் வழி அன்று திறந்தது. அந்த வழியை விட்டுக் காட்டையே நம்பிய இடங்களில் நேர்ந்தது என்ன? இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் கெலாம் என்ற பாறை மலையில் மட்டும் வளரும் கிளிபியாட்டா இனம், செடி திரட்டுவோராலும் காட்டுத் தீயாலும் விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்து விட்டது.

கேட்பார் இருக்கும் வரை விற்பார் இருப்பார். அந்தத் தேவையை நாற்றுப் பண்ணை நிறைவு செய்யாவிட்டால் காடுதான் நிறைவு செய்யும். ஆகவே பெருக்கும் கலை விவசாயி கைக்கு வர வேண்டும் என்கிறோம்.

எதை வளர்ப்பது, எங்கே வளர்ப்பது?

நம் விவசாயிகள் தொடங்குவதற்கு ஏற்றது, நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் கலப்பினச் செடி. பிலிப்பைன்ஸ் நாட்டு இனங்கள் இரண்டின் சேர்க்கையான வென்ட்ராட்டா முரட்டுச் செடி. ஓரளவு வெயிலையும் வறட்சியையும் பொறுத்துக் கொள்ளும். உரிமம் இன்றி காசியானா பக்கம் போக வேண்டாம். அயல்நாட்டிலிருந்து அஞ்சலில் செடி வரவழைப்பதும் வேண்டாம். செடி இறக்குமதிக்கு அனுமதிச் சீட்டும் பயிர்நலச் சான்றும் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அயல்நாட்டு அரிய இனங்களுக்கும் சட்டத்தில் விதிகள் வந்துள்ளன. விற்பனையில் இறங்குமுன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நலம்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், கன்னியாகுமரி மாவட்டம், கூடலூர், ஏற்காடு போன்ற காற்றில் ஈரம் மிகுந்த இடங்கள் இதற்கு ஏற்றவை. சமவெளியில் கோடை வெயில் 40 பாகையைத் தொடும் ஊர்களில், தென்னை அல்லது பாக்கு நிழலில் தண்ணீர்த் தொட்டி அருகே வைத்தால்தான் தாக்குப் பிடிக்கும். காலை இளவெயில் நல்லது. உச்சி வெயில் ஆகாது. பாதி வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலை போதும். இலை கரும்பச்சையாக நீண்டு குடுவை விடாமல் இருந்தால் வெளிச்சம் குறைவு என்று பொருள். பற்றுக்கம்பியின் நுனி குடுவையாகாமல் கருகினால் பெரும்பாலும் காற்றில் ஈரம் குறைவு என்று பொருள்.

தண்ணீரே உயிர்

குடுவைச் செடியைக் கொல்வது பூச்சியும் அல்ல, நோயும் அல்ல. பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான். ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர் இதற்கு நஞ்சு. சத்தில்லாத மண்ணில் வாழப் பழகிய வேர், உப்பைத் தாங்காது. கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே சிறந்தது. முதல் மழையை ஓட விட்டு, அடுத்து வருவதைப் பீப்பாயில் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி மூடி வைக்கவும். கிணற்று நீர் நல்ல நீர் என்று நம்புபவர்கள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

அடுத்தது தொட்டிக் கலவை. செம்மண், வண்டல், தொழு உரம் எதுவும் வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, மரக்கரித் துண்டு, பாசி ஆகியவற்றைக் கலந்து, நீர் தங்காமல் வடியும்படி நிரப்பினால் போதும். மட்டைத் துண்டிலும் நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல நீரில் பல நாள் ஊற வைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். கலவை எப்போதும் ஈரமாக இருக்கட்டும்; ஆனால் தொட்டி நீரில் நிற்கக் கூடாது.

உரம் போட்டால் செழிக்கும் என்ற நம் பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும். யூரியா ஒரு சிட்டிகையும் வேரில் படக் கூடாது. குடுவையில் இறைச்சி, சோறு, பால் போட்டு வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். குடுவை அழுகி விடும். எறும்பு தானே வந்து விழும். குடுவை நீரைக் கவிழ்த்துக் கொட்டி விடவும் கூடாது. சில மாதங்களில் பழைய குடுவை காய்வது இயல்பு. புது இலையில் புதுக் குடுவை வரும்.

கொடியை நறுக்கிப் பெருக்குதல்

குடுவைச் செடியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பனையைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் விதை பிடிக்கும். விதை நூல் போல் மெல்லியது. நாளானால் முளைப்புத் திறன் போய்விடும். முளைத்து விற்கும் அளவுக்கு வளரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே சிறு விவசாயிக்கு ஏற்ற வழி, மிளகுக் கொடியை நறுக்கி நடுவது போன்ற தண்டு முறையே ஆகும்.

நன்கு நீண்ட கொடியைத் தேர்ந்து, கூரிய, சுத்தமான கத்தியால் இரண்டு மூன்று கணுக்கள் இருக்கும்படி துண்டாக்கவும். அடிப்பக்கம் சாய்வாக வெட்டவும். இலைகளைப் பாதியாக நறுக்கி விடவும். நீர் ஆவியாவது குறையும். வேர் ஊக்கி மருந்து கிடைத்தால் அடிவெட்டில் தொட்டுக் கொள்ளலாம். ஈரப் பாசியில், ஒரு கணு உள்ளே புதையும்படி நட்டு, மேலே பாலிதீன் பையால் கூடாரம் போல மூடி, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் வைக்கவும். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் இலைக் கக்கத்தில் புதுத் துளிர் வளர்ந்து, துண்டும் வேர் பிடித்து விடும். பிறகு பையைச் சிறுகச் சிறுகத் திறந்து காற்றுக்குப் பழக்கித் தனித் தொட்டிக்கு மாற்றலாம்.

தாய்ச் செடி வீணாவதில்லை. வெட்டிய இடத்துக்குக் கீழேயும் அடியிலிருந்தும் புதுக் கிளை வரும். கணக்குப் பாருங்கள்: ஆண்டுக்கு ஒரு கொடியிலிருந்து 4 துண்டு எடுத்து, பாதியே பிழைத்தாலும் ஒரு செடி மூன்றாகிறது. 5 செடி வைத்திருப்பவரிடம் அடுத்த ஆண்டு 15 இருக்கும். புதுச் செடி கொடி ஓடக் காலம் பிடிக்கும் என்பதால் இந்தக் கணக்கு ஆண்டுதோறும் அப்படியே பெருகி விடாது. ஆனால் இதில் காட்டிலிருந்து எடுத்தது ஒன்றுமில்லை.

வருமானம் பற்றி ஓர் எச்சரிக்கை

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கொங்குப் பகுதியில் 2012-ஆம் ஆண்டு ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் கவிழ்ந்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். "நாங்களே குஞ்சு தருகிறோம், நாங்களே திரும்ப வாங்குகிறோம்" என்ற பேச்சை நம்பிப் பலர் சேமிப்பை இழந்தார்கள். நாளை குடுவைச் செடிக்கும் அப்படி ஒரு விளம்பரம் வந்தால், அதை மடித்து வைத்துவிட்டு உழவைப் பார்ப்பதே நல்லது. இந்தச் செடிக்கு மண்டி இல்லை; ஏலம் இல்லை. வாங்குபவர் நகரத்துச் செடிப் பிரியர்தான். அவர்கள் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. திசு வளர்ப்புக் கூடத்தில் ஆயிரக்கணக்கில் உண்டாக்கப்படும் செடி சந்தைக்கு வந்தால் விலை இறங்கும்.

ஆகவே கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். நிலத்தை ஒதுக்க வேண்டாம். ஐந்து செடியில் தொடங்கி, அவை ஓர் ஆண்டு மழையும் கோடையும் தாண்டிய பிறகு பெருக்கத் தொடங்கவும். ஏற்கெனவே மல்லிகைப் பதியனோ, மிளகு நாற்றோ, மாங்கன்றோ விற்கிறவர்களுக்கு இது பக்கத்தில் நிற்கும் ஒரு சரக்கு. வேர் பிடித்து, குடுவை விட்டு, நம் ஊர்த் தண்ணீருக்குப் பழகிய செடியைத் தருவதுதான் சிறு விவசாயியின் பலம். எந்தத் தாய்ச் செடியிலிருந்து, எப்போது எடுத்தது என்று தொட்டியில் எழுதி வைத்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை. அதிகாரி கேட்டாலும் பதில் இருக்கும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேரில் காட்டு மண் ஒட்டியிருந்தாலோ, இலை கிழிந்து கொடி முற்றியிருந்தாலோ, எங்கே வளர்த்தது என்று சொல்ல விற்பவர் தயங்கினாலோ அதை வாங்காதீர்கள்.

அரசு செய்ய வேண்டியது

கேரளத்தில் பாலோடு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார், காசியானாவைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கும் வழியை 1994-ஆம் ஆண்டே வெளியிட்டார்கள். வழி தெரிந்து 30 ஆண்டுகள் கடந்தும், மேகாலய மலை விவசாயியின் வீட்டு முற்றத்தில் உரிமம் பெற்ற குடுவைச் செடி நாற்றங்கால் சாதாரணக் காட்சியாகவில்லை என்றால், குறை அறிவியலில் இல்லை. அதைக் கொண்டு சேர்ப்பதில் இருக்கிறது.

மலைக் கிராமத்து விவசாயிக்கு வேர் பிடித்த தாய்ச் செடி சிலவற்றைக் கணக்கில் பதிந்து கொடுக்க வேண்டும். உரிமத்தை ஊருக்கே வந்து வழங்க வேண்டும். பெருக்கிய செடியில் ஒரு பங்கைக் காட்டிலேயே திரும்ப நடச் சொல்ல வேண்டும். அப்போது அந்த விவசாயியே காட்டுக்குக் காவலாவார். தமிழ்நாட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் அழகுச் செடிப் பயிற்சியில் இந்தக் கொடி நறுக்கும் முறையையும் சேர்த்துக் கொள்ளலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

விதை நெல்லை அவித்துத் தின்பவன் விவசாயி அல்ல. காட்டில் நிற்கும் குடுவைச் செடி விதை நெல்லைப் போன்றது. அதைத் தொடாமல், அதன் வழி வந்ததைப் பெருக்கிக் கொள்வதே உழவர் முறை. வரும் பருவமழைக்குள் ஒரு பீப்பாயைக் கூரைத் தண்ணீருக்குத் தயார் செய்து வையுங்கள். செடியை அதற்குப் பிறகு வாங்கலாம்.